கிணற்று மோட்டாரும் ஜி.டி.நாயுடுவும்

அழகர்கோவில் மலையடிவாரத் தோப்புகளுக்குப் போனால் பழைய கிணறுகளை எட்டிப் பாருங்கள். சில கிணற்று மேட்டில் கமலைக் கல் இன்னும் நிற்கும். மாட்டு ஜோடி சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டு, சால் மேலே வந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். மாடுகள் பின்வாங்கி ஏறினால் சால் மறுபடி உள்ளே போகும். விடியலில் தொடங்கி வெயில் ஏறும் வரை இறைத்தாலும் அரை ஏக்கர் நனைந்தால் பெரிது. இன்று சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் பாய்கிறது. இந்த மாற்றத்துக்கு வழி செய்தவர்களில் ஒருவர் ஜி.டி.நாயுடு.

கோவை அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும் அதுவே கனவாகிவிட்டது. கோவையில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, அப்படி ஒரு வண்டியை வாங்கினார். அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டினார். அதுதான் அவருடைய இன்ஜினியரிங் படிப்பு. 1920ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே ஒரு பஸ் விட்டார், டிரைவரும் அவரே. அது பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமானது.

அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது மின்சார சவர ரேசர். பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று பட்டியல் நீளும். விவசாயியின் கண்ணுக்கு இவையெல்லாம் வேடிக்கைப் பொருட்கள்தான். நமக்கு முக்கியமானது மோட்டார்.

1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. மோட்டாரோ வெளிநாட்டுச் சரக்கு. 1937ல் பீளமேட்டில் நாயுடுவின் தொழிற்சாலையில், உள்நாட்டிலேயே ஒரு மின்மோட்டார் தயாரானது. இதில் மூளையாக உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. இவர் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது சரியல்ல. அதன்பின் கோவை மோட்டார், பம்ப்செட் ஊராகவே மாறியது.

ஒன்றையும் சொல்ல வேண்டும். கமலை இறைத்த காலத்தில் மாடு களைத்தால் கிணறும் ஓய்வெடுக்கும். இரவில் ஊற்று நிரப்பிவிடும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கிணறு வற்றி, நாம் போர்வெல்லுக்குப் போன கதை உங்களுக்கே தெரியும்.

நாயுடு பயிர்களையும் விடவில்லை. பருத்தி, பப்பாளி, துவரை என்று தோட்டத்தில் ஆராய்ச்சி செய்தார். ஆளை மிஞ்சி வளர்ந்த அவருடைய பருத்திச் செடி அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் இன்று நம் வயலில் அது இல்லை. 1952ல் 2 ஆயிரம் ரூபாய்க்குத் தரலாம் என்று இருவர் அமரும் பெட்ரோல் கார் செய்தார். அரசு உரிமம் கிடைக்காததால் அதுவும் அத்தோடு நின்றது. 1974 ஜனவரி 4ல் காலமானார்.

கோவை அவினாசி சாலையில் அவர் பெயரிலான அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். விடுமுறை நாளை விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.