பிராக் நகரத்துக் கர்தினால் சூசை பெரான்



உரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயத்தின் அடியில் நிலவறைகள் இருக்கின்றன. பாப்பரசர்களை அடக்கம் செய்கிற இடம் அது. 1969-ம் ஆண்டு மே மாதம் பாப்பரசர் அல்லாத ஒருவரின் சவப்பெட்டி அங்கே இறக்கப்பட்டது. ஆறாம் சின்னப்பர் பாப்பரசரே அதற்கு உத்தரவு கொடுத்தார். இறந்தவருக்குத் தம் சொந்த நாட்டில் ஆறடி மண் கிடைக்கவில்லை என்பதே காரணம். உயிரோடு திரும்பி வர விடாத அரசாங்கம் அவருடைய சடலத்தையும் எல்லைக்குள் விட மறுத்துவிட்டது. எண்பது வயதில் செத்துப்போன ஒரு கிழவரைக் கண்டு அவ்வளவு பயம்!

அவர் பெயர் யோசேப் பெரான். யோசேப் என்பது நம் சூசைதான். நம் வழக்கப்படி சூசை பெரான் என்றே சொல்லிக்கொள்வோம். அக்காலத்துச் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் தலைநகராயிருந்த பிராக் நகரத்துக்கு அதிமேற்றிராணியாராயிருந்தவர். இரண்டு கொடுங்கோல் அரசுகள் அவரைச் சிறைவைத்தன. ஆனால் நான் உங்களுக்கு முக்கியமாய்ச் சொல்ல விரும்புவது அவருடைய சிறைவாசத்தை அல்ல. சிறையிலிருந்து வந்தபின் அவர் பேசிய ஒரு பேச்சையே சொல்ல வருகிறேன். அதற்கு முன் நடந்தவற்றை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும்.

1888-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் தேதி பில்சன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். அக்காலத்தில் செக் மக்கள் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தார்கள். பெரான் உரோமையில் படித்து, 1911-ல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். ஊர் திரும்பி உதவிக் குருவாக உழைத்தார். பிறகு ஆசிரியர், பிறகு பங்கை நடத்தும் முறையைக் குருமாணவருக்குக் கற்பிக்கும் பேராசிரியர். 1932-ல் பிராக் குருமடத்துக்கு அதிபரானார். குருமடத்து அதிபர் எப்படிப்பட்டவர் என்று அங்கே படித்த எங்களைக் கேளுங்கள். காலை மணி அடிக்குமுன் கோயிலில் இருப்பார். விளக்கணைத்த பிறகும் தாழ்வாரத்தில் அவர் நடைச் சத்தம் கேட்கும். வெளியுலகத்துக்கு அவர் பேரே தெரியாது. பெரானும் அப்படியே காலங்கழித்திருப்பார், உலகம் அவரைச் சும்மா விட்டிருந்தால்.

1939 மார்ச் 15-ம் தேதி இட்லரின் சேனைகள் பிராகுக்குள் நுழைந்தன. 1942 மே 27-ம் தேதி அங்கே இட்லரின் பிரதிநிதியாய் ஆண்ட ஹைட்ரிக் என்பவனைச் செக் வீரர்கள் தாக்கினார்கள். ஜூன் 4-ம் தேதி அவன் இறந்தான். அதற்குப் பழிவாங்க லிடிட்சே என்ற கிராமத்தையே தரைமட்டமாக்கி, ஆண்களை வரிசையாய் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்தார்கள். ஜூன் 6-ம் தேதி குருமடத்து அதிபரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். பங்க்ராட்ஸ் சிறை, தெரேசீன் கோட்டை, கடைசியில் ஜெர்மனியில் டாக்காவ் முகாம். அந்த முகாமில் மட்டும் சுமார் 2,700 குருமார் அடைபட்டிருந்தார்கள். பெரும்பாலோர் போலந்து நாட்டவர். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியே வரவேயில்லை. பெரான் பிழைத்தார். 1945 ஏப்ரல் 29-ம் தேதி அமெரிக்கச் சேனை முகாமின் கதவைத் திறந்தது.

பிராகில் அதிமேற்றிராணியாரின் ஆசனம் 1941 முதல் வெறுமையாய்க் கிடந்தது. 1946-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் பெரானை அதற்கு நியமித்தார். டிசம்பர் 8-ம் தேதி, அமலோற்பவ மாதா திருநாளன்று, அர்ச். வீத்துஸ் மேற்றிராசனக் கோயிலில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. டாக்காவிலிருந்து வந்தவர் என்பதால் கத்தோலிக்கர் அல்லாதாரும் அவரை மதித்தார்கள். இட்லரின் முகாம்களில் குருமாரோடு கம்யூனிஸ்டுகளும் அடைபட்டிருந்தார்கள் அல்லவா? ஒன்றாய்ப் பட்டினி கிடந்தவர்கள் ஒன்றாய் வாழவும் முடியும் என்று பலர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை நீடிக்கவில்லை. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஜூன் 14-ம் தேதி அவர்களுடைய தலைவர் கோட்வால்ட் சனாதிபதியானார். அன்று மேற்றிராசனக் கோயிலில் அவர் முன்னிலையிலேயே அதிமேற்றிராணியார் தேவனுக்கு நன்றிப் பாடல் பாடுவித்தார். இதனால் பல கத்தோலிக்கருக்கு மனம் புண்பட்டது. இன்றைக்கும் அதைக் குறைசொல்கிறவர்கள் உண்டு. சமாதானத்துக்குக் கடைசி வாசலையும் தட்டிப் பார்த்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கதவு திறக்கவில்லை, ஆனாலும் தட்டாமல் இருந்துவிட்டோமே என்ற உறுத்தல் அவருக்கு இராது.

மறுவருஷமே அரசாங்கம் கத்தோலிக்க இயக்கம் என்ற பெயரில் தானே ஒரு சங்கத்தைக் கூட்டி, குருமாரையும் விசுவாசிகளையும் அதில் கையெழுத்துப் போடச் சொன்னது. பாப்பரசரிடமிருந்து மக்களைப் பிரிப்பதே அதன் நோக்கம். பெரான் அதைக் கண்டித்தார். 1949 ஜூன் 15-ம் தேதி போலீசார் அவர் மாளிகைக்குள் புகுந்து அலுவலகத்தைக் கைப்பற்றினார்கள். 18-ம் தேதி மாலை ஸ்டிராகோவ் மடத்துக் கோயிலில் அவர் பிரசங்கம் செய்தார். தம் பெயரால் இனி என்னென்ன அறிக்கை வந்தாலும், தாம் திருச்சபையின் உரிமையை விட்டுக்கொடுத்ததாய் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம் என்று சனங்களிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். தம் வாயை அடைத்துவிட்டு, தம் கையெழுத்தைக் கொண்டே மக்களை ஏமாற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, திவ்விய நற்கருணைத் திருநாள். அர்ச். வீத்துஸ் கோயிலில் அவர் பேசத் தொடங்கியதும், அதற்கென்றே அனுப்பப்பட்ட ஆட்கள் கூச்சலிட்டார்கள், சீட்டியடித்தார்கள். அதிமேற்றிராணியார் பேச்சை முடிக்க முடியாமல் நிறுத்தினார். ஒரு வருஷத்துக்கு முன் நன்றிப் பாடல் ஒலித்த அதே கோயில்! வீடு திரும்பினவர் அன்றுமுதல் தம் மாளிகையிலேயே கைதியானார்.

அவரை நீதிமன்றத்தில் நிறுத்தவேயில்லை. அண்டை நாடான ஹங்கேரியில் கர்தினால் மிந்த்சென்தியை விசாரித்து ஆயுள்தண்டனை கொடுத்து உலகத்தின் பழியைத் தேடிக்கொண்டார்கள். செக் அரசாங்கம் வேறு உபாயம் செய்தது. 1951 மார்ச்சில் பெரானைப் பிராகிலிருந்து அப்புறப்படுத்தி, யாருக்கும் தெரியாத கிராமத்து வீடுகளில் மாற்றி மாற்றி வைத்தது. காவலாளிகள் சூழ, தம் மந்தையைப் பற்றி ஒரு செய்தியும் எட்டாமல் இருந்தார். வெளியே என்ன நடந்தது? 1950 ஏப்ரலில் ஒரே இரவில் துறவியர் மடங்களை வளைத்து, துறவிகளை வண்டிகளில் ஏற்றிச் சென்றார்கள். குருமாரின் சம்பளத்தை அரசாங்கமே கொடுத்து, அவர்களுடைய பணிக்கு அனுமதி கொடுப்பதும் பறிப்பதும் தன் கையில் வைத்துக்கொண்டது. மேய்ப்பர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதே ஆடுகளுக்கு நிச்சயமில்லை. இப்படிப் பதினான்கு வருஷம்! டாக்காவின் மூன்று வருஷத்தையும் சேர்த்தால் பதினேழு.

1963 அக்டோபரில் காவலை நீக்கினார்கள். ஆனால் பிராகில் அதிமேற்றிராணியாராகப் பணிசெய்ய விடவில்லை. 1965 தொடக்கத்தில் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அவரைக் கர்தினாலாக அறிவித்தார். அரசாங்கம் ஒரு வழி காட்டியது: உரோமைக்குப் போகலாம், திரும்பி வரக் கூடாது. அதற்கு ஈடாக, மேற்றிராணியார் தோமாஷேக் என்பவர் பிராக் அதிமேற்றிராசனத்தின் நிர்வாகத்தை ஏற்க இடங்கொடுத்தது. மேய்ப்பன் மந்தையை விட்டுப் போகலாமா? போகாமலிருந்தால் மந்தைக்கு ஒருவரும் இல்லை. போனால் வேறொருவராவது கிடைப்பார். பெரான் பிப்ரவரி 19-ம் தேதி விமானம் ஏறினார். சிறை செல்வதைவிட இந்தப் பயணம்தான் அவருக்குக் கடினமாயிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்பொழுது உரோமையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருந்தது. அவ்வருஷம் செப்டம்பரில் மதச் சுதந்திரத்தைப் பற்றிக் கடும் விவாதம். எந்த மனிதனையும் அவன் மனச்சாட்சிக்கு விரோதமாய் நடக்கும்படி எந்த அரசும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருச்சபை அறிக்கையிட வேண்டுமா? வேண்டும் என்றார்கள் பலர். தப்பறைக்கு உரிமை கொடுப்பதாகிவிடுமே என்று சிலர் தயங்கினார்கள். செப்டம்பர் 20-ம் தேதி கர்தினால் பெரான் எழுந்தார். உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் வந்த மேற்றிராணிமார் காத்திருந்தார்கள். இட்லரைப் பற்றிச் சொல்வாரா, கம்யூனிஸ்டுகளைப் பற்றிச் சொல்வாரா?

அவர் சொன்னது யான் ஹூஸ் என்பவரைப் பற்றி.

இந்த இடத்தில் சற்று நின்று, ஹூஸ் யார் என்று சொல்ல வேண்டும். பிராக் நகரத்துக் குரு. செக் மொழியில் பிரசங்கித்துச் சனங்களைக் கவர்ந்தவர். குருமாரின் பண ஆசையைக் கண்டித்தவர். அவருடைய கோட்பாடுகளில் சில திருச்சபைப் போதகத்துக்கு மாறானவை என்று குற்றஞ்சாட்டினார்கள். பத்திரமாய்ப் போய்வரலாம் என்று அரசர் சிகிஸ்முந்து கொடுத்த பாதுகாப்புச் சீட்டை நம்பிக் கொன்ஸ்தான்சு நகரத்துப் பொதுச்சங்கத்துக்குப் போனார். அங்கே தீர்ப்பிட்டு அரசாங்கத்தின் கையில் விட, 1415 ஜூலை 6-ம் தேதி உயிரோடு எரித்தார்கள். அந்த நெருப்பு செக் மக்களின் நெஞ்சில் அணையவே இல்லை. 1620-ல் வெண்குன்றம் என்ற இடத்தில் கத்தோலிக்கச் சக்கரவர்த்தியின் சேனை வென்றது. மறுவருஷம் பிராக் சதுக்கத்தில் 27 பேருக்கு மரண தண்டனை. பிறகு, ஒன்று கத்தோலிக்கராகுங்கள், இல்லையேல் நாட்டை விட்டுப் போங்கள் என்ற கட்டளை. பல குடும்பங்கள் போய்விட்டன. பல குடும்பங்கள் பயத்தினால் கோயிலுக்கு வந்தன. பயத்தினால் வந்தவனுடைய பேரன் என்ன நினைப்பான்? 1918-ல் நாடு விடுதலை பெற்ற சில நாட்களுக்குள் பிராகில் மாதா சுரூபம் நின்ற தூணை ஒரு கூட்டம் கயிறு கட்டி இழுத்துத் தள்ளிற்று. அடுத்த மூன்று வருஷத்துக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள்.

இதையெல்லாம் கண்ணால் கண்டவர் பெரான். கத்தோலிக்க மேற்றிராணிமார் நிறைந்த சபையில், தம் நாட்டில் திருச்சபை படுகிற பாடு முற்காலத்தில் திருச்சபையின் பெயரால் மனச்சாட்சிக்கு விரோதமாய்ச் செய்யப்பட்ட குற்றங்களுக்குப் பரிகாரம் போலத் தோன்றுகிறது என்றார். ஹூஸை எரித்ததையும், பதினேழாம் நூற்றாண்டின் கட்டாயத்தையும் பெயர் சொல்லியே எடுத்துரைத்தார். அரசாங்கத்தின் பலத்தால் திருச்சபைக்கு உதவி செய்வதாய் நினைத்தவர்கள் மக்கள் மனதில் ஆறாத புண்ணையே உண்டாக்கினார்கள், கட்டாயம் வெளிவேடக்காரரைத்தான் உண்டாக்கும் என்றார். ஆகையால் மதச் சுதந்திரத்தை அரைமனதோடு அல்ல, தெளிவாய் அறிக்கையிட வேண்டும் என்று கேட்டார்.

பங்கு மக்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். நமக்கு ஒருவன் தீங்கு செய்தால், நம் தகப்பன்மார் மற்றவருக்குச் செய்த தீங்கு நம் ஞாபகத்துக்கு வருமா? பதினேழு வருஷம் அடைபட்டிருந்த மனிதர், தமக்கு நியாயம் கேட்க உலகமே காது கொடுத்த நேரத்தில், ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன் எரிக்கப்பட்ட ஒருவருக்காகப் பேசினார். சிறைக்குள் இருப்பவர்களை அவர் மறக்கவும் இல்லை. விசுவாசத்துக்காகச் சிறைப்பட்டவர்களை விடுவிக்கும்படி அரசுகளைக் கேட்கச் சொன்னார். ஆனால் தமக்கு வேண்டிய சுதந்திரத்தைத் தம் சபையார் முன்பு மற்றவருக்குக் கொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொண்ட பிறகே அதைக் கேட்டார். டிசம்பர் 7-ம் தேதி, 2,308 பேர் ஆதரவாகவும் 70 பேர் எதிராகவும் வாக்களிக்க, மதச் சுதந்திர அறிக்கை நிறைவேறிற்று. 1999 டிசம்பரில் இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பரசர், ஹூஸுக்கு நேர்ந்த கொடூர மரணத்துக்காக மனம் வருந்துவதாய் வெளிப்படையாய் அறிவித்தார்.

கர்தினாலின் கடைசி வருஷங்களைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். உரோமையில் செக் குருமாணவரின் விடுதியில் தங்கி, பல நாடுகளில் சிதறியிருந்த தம் மக்களைப் போய்ச் சந்தித்தார். 1968-ல் செக் நாட்டில் சற்றே சுதந்திரக் காற்று வீசியது. ஆகஸ்டு மாதம் ருஷ்யச் சேனைகள் வந்து அதை நிறுத்தின. 1969 ஜனவரியில் யான் பாலாக் என்ற இளம் மாணவர் அதைக் கண்டிக்கப் பிராக் நகர நடுவில் தம்மீது தீ வைத்துக்கொண்டு இறந்தார். கர்தினால் வத்திக்கான் வானொலியில் தம் மக்களோடு பேசினார். அந்த இளைஞரின் தியாகத்துக்குத் தலைவணங்கினார். அந்தச் செயலைச் சரியென்று சொல்லாமல், வேறு யாரும் அப்படிச் செய்ய வேண்டாம் என்று மன்றாடினார். நான்கு மாதம் கழித்து, மே 17-ம் தேதி, அவரே இறந்தார்.

நிலவறையில் நாற்பத்தொன்பது வருஷம் கிடந்தார். கம்யூனிஸ்டு ஆட்சி 1989-ல் விழுந்தது. 1998-ல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்குவதற்கான விசாரணை தொடங்கிற்று. 2018 ஏப்ரல் 20-ம் தேதி அவருடைய சவப்பெட்டி விமானத்தில் பிராக் வந்து சேர்ந்தது. கூச்சலிட்டு அவர் வாயை அடைத்த அதே அர்ச். வீத்துஸ் கோயிலில், ஏப்ரல் 23-ம் தேதி, அர்ச். அதல்பெர்த்து திருநாளன்று அடக்கம் செய்தார்கள். அதல்பெர்த்தும் பிராக் நகரத்து மேற்றிராணியார்தான். அவரும் 997-ல் அந்நிய நாட்டில் இறந்து, 1039-ல் எலும்புகளாய் ஊர் திரும்பினவர்.