பட்டினத்தாரும் என் புது ஷூவும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் காதல் கவிதைக்கு நம் கல்லூரியில் என்றுமே பஞ்சம் இல்லை. அதனால் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் பட்டினத்தார். ஐயோ சாமி கதையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் என் கதையும் கொஞ்சம் இருக்கிறது.

போன வருஷம் சென்னைக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? திரும்பும் வழியில் திருவொற்றியூரில் பஸ் நின்றது. எல்லாரும் டீக்கடைக்கு ஓட, நானும் இரண்டு நண்பர்களும் கடற்கரைப் பக்கம் நடந்தோம். அங்கேதான் பட்டினத்தார் சமாதிக் கோயில் இருக்கிறது. உள்ளே போக ஷூவைக் கழற்ற வேண்டும். என் காலில் இருந்ததோ வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத புது ஷூ. விலை 1,400 ரூபாய்!

வாசலில் விட்டுவிட்டுப் போனேன். கை கும்பிட்டது, கண் வாசலையே பார்த்தது. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எவனாவது மாட்டிக்கொண்டு போய்விடுவானோ... இதே நினைப்புதான். திருநீறு பூசினேனா என்றுகூட நினைவில்லை. எல்லாவற்றையும் விட்ட ஒருவரின் சமாதிக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு ஜோடி ஷூவை விட முடியாமல் தவித்தேன். பஸ்ஸில் ஏறியபின் எனக்கே வெட்கமாக இருந்தது. அப்படி என்னதான் விட்டார் இவர் என்று தெரிந்துகொள்ள, ஊருக்கு வந்ததும் நூலகத்தில் தேடிப் படித்தேன்.

காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வணிகம் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். இயற்பெயர் திருவெண்காடர். மனைவி சிவகலை. பொன்னுக்கும் பொருளுக்கும் குறைவே இல்லை, குழந்தைதான் இல்லை. திருவிடைமருதூரில் இருந்து ஓர் ஏழை அந்தணர் கொண்டுவந்த பிள்ளையை வாங்கி, மருதவாணன் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். சிவபெருமானே அந்தப் பிள்ளையாக வந்தார் என்பது கதை.

பையன் வளர்ந்தான், கப்பல் ஏறினான். மற்ற வணிகர்கள் சரக்கோடு திரும்ப, இவன் மூட்டை மூட்டையாக எருவிராட்டி கொண்டுவந்தான். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. விராட்டியை உடைத்தபோது உள்ளே மணிகள் மின்னின! ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். அம்மாவிடம் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பெட்டிக்குள் ஓர் ஓலை நறுக்கு, காது ஒடிந்த ஓர் ஊசி. ஒன்றுக்கும் உதவாத அந்த ஊசிகூடச் சாகும்போது கூட வராது என்பதுதான் ஓலையின் சேதி. திருவெண்காடர் கோவணத்தோடு வீட்டைவிட்டு இறங்கினார். கணக்கர் சேந்தனாரிடம் சொல்லி, கருவூலத்தில் இருந்ததை எல்லாம் ஊர்மக்கள் எடுத்துக்கொள்ளத் திறந்துவிட்டார்.

தம்பி தெருவில் பிச்சை எடுப்பது குடும்பத்துக்கு அவமானம் என்று சொந்த அக்காவே அப்பத்தில் விஷம் வைத்துக் கொடுத்தாராம். அதை அவர் கூரைமேல் வீச, வீடு தீப்பற்றி எரிந்தது என்கிறார்கள். பின்னர் உஜ்ஜயினி போனார். அங்கே திருட்டுப் பழி சுமத்திக் கழுவேற்றச் சொன்னான் அரசன் பத்திரகிரி. கழுமரமே எரிந்துபோனது. அரசன் அரசைத் துறந்து அவருக்கே சீடனானான்.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இருவரும் திருவிடைமருதூர்க் கோயிலில் தங்கினார்கள். குரு கிழக்குக் கோபுர வாசலில், சீடர் மேற்குக் கோபுர வாசலில். பத்திரகிரியாரிடம் இருந்தது ஒரு பிச்சை ஓடு, கூடவே ஒரு நாய். ஒருநாள் ஏழை ஒருவர் வந்து பட்டினத்தாரிடம் சோறு கேட்டார். என்னிடம் எதுவும் இல்லை, மேற்கு வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அங்கே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்! நாட்டையே விட்டவருக்கு ஓடும் நாயும் குடும்பம் ஆகிவிட்டதே! பத்திரகிரியார் அந்த ஓட்டைத் தூக்கி எறிந்தார் என்று கதை போகிறது. ஆக, எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பது கணக்கே இல்லை. மனசு எதில் சாய்ந்து நிற்கிறது என்பதுதான் கணக்கு.

இதைச் சைவ சித்தாந்தம் விளக்கமாகச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதம் வெறும் 12 சூத்திரம்தான். கடவுள் பதி, உயிர் பசு, உயிரைக் கட்டியிருப்பது பாசம். நாம் பாசம் என்றால் அன்பு என்கிறோம், அங்கே பாசம் என்றால் கயிறு. ஆணவம், கன்மம், மாயை என்று அதற்கு மூன்று புரி. உயிரைப் பளிங்குக்கு ஒப்பிடுவார்கள். பக்கத்தில் செம்பருத்தியை வைத்தால் பளிங்கும் சிவப்பாகத் தெரியும். எதைச் சார்கிறதோ அதுவாகவே உயிர் நிற்கும். அப்படிப் பார்த்தால் அன்று திருவொற்றியூரில் கும்பிட்டு நின்றது நான் இல்லை நண்பர்களே, ஒரு ஜோடி ஷூதான் நின்றது! அதற்காக உலகமே கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. உடம்பும் உலகமும் விடிகிற வரைக்கும் உயிருக்குக் கொடுத்த விளக்கு என்கிறார்கள். விளக்கைக் கட்டிக்கொண்டு தூங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டினத்தாரிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. ஆசையை ஒழிக்கிறேன் என்று பெண்களின் உடம்பைத் தாறுமாறாகப் பழித்து அவர் பெயரில் நிறையப் பாடல்கள் இருக்கின்றன. ஆசைப்படுகிறவன் மனசில் இருக்கும் கோளாறுக்குப் பெண் என்ன செய்வாள்? பதினோராம் திருமுறையில் உள்ள 5 நூல்களைப் பாடிய பட்டினத்துப் பிள்ளையார் ஒருவர், இந்தப் பாடல்களைப் பாடியவர் பிற்காலத்து வேறொருவர் என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கிறார்கள். யாராக இருந்தாலும் அந்தப் பாடல்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அவரே ஒரு பெண்ணுக்காகத் திரும்பி வந்தார். அவர் அம்மா! துறவு போகும்போது, உன் கடைசிக் காரியத்துக்கு வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வந்தார். உறவினர் அடுக்கிய காய்ந்த விறகை அகற்றிவிட்டுப் பச்சை வாழைமட்டையை அடுக்கினார். தன்னைச் சுமந்ததை, பால் கொடுத்ததை, தொட்டிலிலும் தோளிலும் வளர்த்ததை எல்லாம் நினைத்து அழுது பாடினார், தீப் பிடித்தது என்பார்கள். 1962இல் வந்த பட்டினத்தார் படத்தில் டி.எம். சௌந்தரராஜன் அவராகவே நடித்துப் பாடியிருக்கிறார். மனைவியை, வீட்டை, கப்பலை விட்டவர் அம்மாவுக்குப் பட்ட கடனை மட்டும் விடவில்லை. ஆசையை அறுத்தார், நன்றியை அறுக்கவில்லை. கடைசியில் திருவொற்றியூர்க் கடற்கரையில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டே சிவலிங்கமாக ஆனார் என்று கதை முடிகிறது.

இப்போது என் கதை. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு மூட்டை தூக்கும் வேலை. அம்மா ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறார். ஃபீஸ் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகிக்கொண்டார். ஃபீஸைவிட 1,400 ரூபாய் கூடுதலாகக் கேட்டு வாங்கியவன் நான். லேபுக்கு என்று சொன்னேன். அந்த ஷூ எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

காது ஒடிந்த ஊசியை எத்தனையோ தடவை அம்மாவின் டப்பாவில் பார்த்திருக்கிறேன். அந்தக் கதையைப் படித்த பிறகு அந்த டப்பாவைத் திறக்கவே பயமாக இருந்தது. பொங்கல் லீவில் ஒருநாள் ராத்திரி உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கண் தெரியலை, நூல் கோத்துக் குடு என்று ஊசியை நீட்டினார். கை நடுங்கியதில் மூன்று தடவை தவறியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லேத் பட்டறைக்குப் போகிறேன். வட்டி கட்டியாகிவிட்டது, தோடு இன்னும் மீளவில்லை. டிப்ளமோ கையில் வருவதற்குள் மீட்டுவிடுவேன். ஷூவை ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போட்டு வருகிறேன், எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. இப்போதெல்லாம் எந்தக் கோயில் வாசலிலும் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிறேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மலர் கைக்கு வந்ததும் இதை நானே படித்துக் காட்டப் போகிறேன்.



- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு