புலிகளுக்கு அரணான வேட்டைக்காரர்: ஜிம் கார்பெட்டின் வாழ்க்கைப் பயணம்

நைனிடால்: உத்தராகண்ட் மாநிலத்தில் இமயமலை அடிவாரத்தில் அமைந்துள்ள கார்பெட் தேசியப் பூங்கா, இந்தியாவின் முதல் தேசியப் பூங்காவாகும். புலிகளைப் பாதுகாக்கும் இந்த வனம், புலிகளைச் சுட்டு வீழ்த்திப் புகழ்பெற்ற ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த முரணுக்கான விடை அவரது வாழ்க்கையிலேயே உள்ளது.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் தேதி நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூரின் அஞ்சல் அலுவலர். குளிர்காலங்களைக் காலாடுங்கி கிராமத்தில் கழித்த கார்பெட், பறவைகளின் ஒலியையும் விலங்குகளின் காலடித் தடங்களையும் கொண்டு காட்டை அறியச் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டார். பின்னர் பீகாரின் மொகாமா காட்டில் ரயில்வே சரக்குகளைக் கையாளும் ஒப்பந்ததாரராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

ஆட்கொல்லிகளைத் தேடி: நேபாளத்திலும் குமாயுனிலும் 436 பேரைக் கொன்றதாகக் கருதப்படும் சம்பாவத் பெண் புலியை 1907இல் அவர் வீழ்த்தினார். பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரிகர்களை அச்சுறுத்திய ருத்ரபிரயாக் சிறுத்தை 1926இல் அவரது குண்டுக்கு இரையானது. அரசுப் பதிவுகளின்படி அது கொன்றவர்கள் 125 பேர்.

சம்பாவத் புலியின் கோரைப்பற்கள் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்ததை கார்பெட் கண்டார். காயமோ முதுமையோ இயல்பான வேட்டையைத் தடுக்கும்போதே பெரும்பாலும் ஒரு புலி மனிதரைக் கொல்லத் தொடங்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். ஆட்கொல்லியை உருவாக்குவதில் மனிதருக்கும் பங்குண்டு என்பதே அதன் பொருள்.

பூங்கா பிறந்த கதை: வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியனின் புகைப்படங்களால் ஈர்க்கப்பட்ட கார்பெட், புலிகளைத் திரைப்படக் கருவியில் பதிவு செய்யத் தொடங்கினார். பொழுதுபோக்கு வேட்டையால் புலிகள் அழிந்துவருவதாக எச்சரித்தார். 1936இல் ஐக்கிய மாகாண முன்னாள் ஆளுநர் மால்கம் ஹெய்லியின் பெயரில் சுமார் 324 சதுர கிலோமீட்டரில் தேசியப் பூங்கா உருவானபோது, அதன் எல்லைகளை வகுக்க உதவினார். அதற்குள் வேட்டை தடை செய்யப்பட்டது. எனினும் எல்லைக்கு வெளியே ஆட்கொல்லிகளிடமிருந்து கிராமத்தினரைக் காக்க, 1938 வரை அவர் துப்பாக்கியை ஏந்தினார்.

1944இல் வெளியான அவரது முதல் பெரும் நூல், தி.ஜ.ர.வின் மொழிபெயர்ப்பில் ‘குமாயுன் புலிகள்’ என்ற பெயரில் தமிழ் வாசகர்களையும் அடைந்தது. 1947இல் சகோதரி மேகியுடன் கென்யாவில் குடியேறிய கார்பெட், 1955 ஏப்ரல் 19ஆம் தேதி நியேரி நகரில் காலமானார். அதன்பின் பூங்காவுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

இன்றைய நிலை: 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் இங்கிருந்தே தொடங்கப்பட்டது. 2022 கணக்கெடுப்பின்படி, நாட்டின் புலிகள் காப்பகங்களில் அதிகபட்சமாக கார்பெட்டில் 260 புலிகள் உள்ளன. ஆயினும் எல்லையோரக் கிராமங்களில் மனித-புலி மோதல்கள் ஓயவில்லை. புலியையும் கிராமத்தினரையும் ஒருசேரக் காப்பதே, கார்பெட்டைப் போலவே இன்றைய வனத்துறையின் முன்னும் நிற்கும் சவால்.