கையால் விளைந்த நூல்: ஆனந்த குமாரசுவாமி

ஈழத் தமிழறிஞர் சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலப் பெண்மணி எலிசபெத் கிளே பீபிக்கும் மகனாக, 1877 ஆகஸ்டு 22-ஆம் நாள் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசுவாமி. இரண்டு வயது நிறைவதற்குள் தந்தையை இழந்த அவர், தாயின் நாடாகிய இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டன் பல்கலைக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்றார். பின்னாளில் கலையுலகம் போற்றிய அப்பேரறிஞர் முதலில் ஆராய்ந்தது கல்லையே, சிற்பத்தை அன்று.

1903-இல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநரானார். ‘தோரியனைட்’ என்னும் கனிமத்தைக் கண்டறிந்தவரும் அவரே. பாறைகளைத் தேடி ஊர் ஊராய்ச் சென்ற அவர், கண்டிப் பகுதியின் சிற்றூர்களில் வேறொன்றையும் கண்டார். தச்சரும் கொல்லரும் குயவரும் நெசவாளரும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த தொழில்கள், ஆலைப் பொருள்களின் வரவாலும் ஆதரிப்போர் இன்மையாலும் அழிந்துகொண்டிருந்தன. அவர் குறிப்பெடுத்தார், மனைவி எதெல் அம்மையார் புகைப்படம் எடுத்தார். அறிவியலறிஞர் கலையறிஞராக மாறியது இப்பயணங்களில்தான்.

1907-இல் இங்கிலாந்து திரும்பிய அவர், பிராட் கேம்டன் என்னும் சிற்றூரில் பழைய நார்மன் தேவாலயம் ஒன்றைப் புதுப்பித்து அமைத்த இல்லத்தில் குடியேறினார். தம் ஆய்வைப் பெரியதோர் அச்சகத்திடம் அவர் ஒப்படைக்கவில்லை. கைவினைஞர் ஆஷ்பீ நிறுவிய எசக்ஸ் ஹவுஸ் அச்சகத்தைத் தம் பொறுப்பில் ஏற்றார். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மாரிஸ், சாசரின் படைப்புகளை 1896-இல் அச்சிட்ட அதே கைப்பொறியில், ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பொருளுடைய தம் ஆங்கிலப் பெருநூலை அச்சிடுவித்தார். 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை, பதினைந்து திங்கள் அவருடைய நேரடிப் பார்வையில் நடந்த அப்பணியின் பயனாக வெளிவந்தவை 425 படிகளே.

கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் வேண்டும். கைப்பொறியிலும் அவ்வாறே ஒருவர் மை தடவ, மற்றொருவர் நெம்புகோலை இழுத்து அழுத்துவார். ஒவ்வொரு தாளும் இவ்வாறே கைகளின் உழைப்பால் உருப்பெற்றது. கைத்தொழிலின் பெருமையைக் கூறும் நூல் தானும் கைத்தொழிலாகவே அமைந்தமை இதன் தனிச்சிறப்பு.

எனினும், 425 படிகள் மட்டுமே கொண்ட ஆங்கில நூல், அது போற்றிய கைவினைஞரின் குடிசைகளை எட்டுவது அரிது. ஆலைகளின் வரவையும் அது தடுத்துவிடவில்லை. ஆயினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. பின்னர் அவரைப் பிரிந்த எதெல் அம்மையார், தாமே தறியில் அமர்ந்து புகழ்பெற்ற கைத்தறிக் கலைஞரானார். இயற்கைச் சாயங்களைப் பற்றி 1916-இல் நூலும் எழுதினார். குமாரசுவாமி 1917 முதல் அமெரிக்காவின் பாஸ்டன் கலைக்கூடத்தில் பணியாற்றி, 1947 செப்டம்பர் 9-ஆம் நாள் மறைந்தார். அப்பெருநூல் 1956-இல் நியூயார்க்கில் மறுபதிப்புப் பெற்றது.

இழையையும் ஏட்டையும் ‘நூல்’ என்னும் ஒரே சொல்லால் அழைப்பது தமிழ். தந்தைவழித் தமிழரான அவரும், துணியை நெய்வதுபோல் பொறுமையோடு ஏட்டை உருவாக்கினார். எழுதுவதோடு ஆசிரியரின் கடமை முடிவதில்லை என்பதே அப்பதினைந்து திங்கள் உணர்த்தும் பாடமாகும்.