நியூசிலாந்தைச் சாய்த்த கிராமத்து வாத்தியார்... யார் இந்த கார்வின் ஜேம்ஸ்?

ரக்பியில் நியூசிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே தொடரில் தோற்கடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து வீரர்களைச் சேர்த்து உருவாக்கப்படும் 'லயன்ஸ்' அணி நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே போய் வருகிறது. ஒரே ஒரு முறைதான் தொடரை வென்றிருக்கிறது. அது 1971-ல்.

அந்த அணியின் பயிற்சியாளர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் அவர் பிழைப்பு. பெயர் கார்வின் ஜேம்ஸ். ஆனால், இவரை அவருடைய சொந்த நாடான வேல்ஸ் ஒரு நாள்கூட தேசிய அணிக்குப் பயிற்சியாளராக ஆக்கவில்லை. ஏன்?

சுரங்க ஊரில் பிறந்தவர்

1929 நவம்பர் 2-ம் தேதி, தென்மேற்கு வேல்ஸில் கெவ்னெய்தின் என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார் கார்வின். நிலக்கரிதான் அந்தப் பகுதியின் வாழ்வாதாரம். வீட்டில் பேசியது வெல்ஷ் மொழி. ஊர் ரக்பி மைதானம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சின்ன வயதில் பந்தைப் பிடித்ததும் அங்கேதான், கிராமத்து அணிக்காக ஆடியதும் அங்கேதான்.

அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் வெல்ஷ் இலக்கியம் படித்தார். கட்டாய ராணுவ சேவைக்காகக் கடற்படையில் சேர்ந்தபோது ரஷ்ய மொழி கற்றுக்கொண்டார். பிறகு லாண்டவரி கல்லூரிப் பள்ளியில் வெல்ஷ் ஆசிரியர் ஆனார். மொழி, கவிதை, ரக்பி மூன்றும் அவருக்குத் தனித்தனி விஷயங்கள் இல்லை. கவிதையை வாசிக்கிற அதே கவனத்தோடு ஆட்டத்தையும் பார்ப்பார்.

அமெச்சூர் என்றால் என்ன?

அந்தக் காலத்து ரக்பி யூனியனில் ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. காசு வாங்கினால் தடைதான். நாட்டுக்காக ஆடும் வீரர் மறுநாள் காலை சுரங்கத்துக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்குப் போவார். இந்த விதி 1995-ல்தான் மாறியது.

கார்வின் ஆடியது 'ஃப்ளை ஹாஃப்' இடத்தில். பந்து கைக்கு வந்ததும் ஓடுவதா, உதைப்பதா, பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதா என்று நொடியில் முடிவெடுக்கிற இடம் அது. லானெல்லி கிளப்பில் நன்றாகவே ஆடினார். ஆனால், வேல்ஸ் அணியில் அதே இடத்தில் கிளிஃப் மோர்கன் என்ற ஜாம்பவான் இருந்தார். அதனால் கார்வினுக்குக் கிடைத்தது 1958-ல் இரண்டே இரண்டு சர்வதேச ஆட்டங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஒரு 'டிராப் கோல்' அடித்தார். வேல்ஸ் 9-3 என ஜெயித்தது.

உத்தரவு போடாத கோச்

பயிற்சியாளராகத்தான் அவர் உச்சத்துக்குப் போனார். அப்போதைய கோச்கள் பலர் கத்துவார்கள், விரட்டுவார்கள். கார்வின் மெதுவாகப் பேசுவார், நிறைய கேட்பார். வீரர்களிடமே யோசனை கேட்டு, அதிலிருந்து திட்டத்தை உருவாக்குவார். தப்பு நடந்தாலும் பரவாயில்லை, துணிந்து ஆடுங்கள் என்பதுதான் அவர் வழி.

1971 பயணத்தின் நாயகன் பேரி ஜான். இவரும் அதே கெவ்னெய்தின்காரர்தான்! கடும் உடற்பயிற்சி என்றால் அவருக்கு ஆகாது. கார்வின் அவரை வற்புறுத்தவில்லை. நான்கு டெஸ்ட்களில் லயன்ஸ் எடுத்த 48 புள்ளிகளில் 30 பேரி ஜானுடையது. முதல் டெஸ்டில் வெற்றி, இரண்டாவதில் தோல்வி, மூன்றாவதில் வெற்றி, கடைசி டெஸ்ட் 14-14 என டிரா. தொடர் லயன்ஸ் வசம்.

அடுத்த ஆண்டு இன்னொரு அதிர்ச்சி. 1972 அக்டோபர் 31 அன்று, அவர் பயிற்சி கொடுத்த லானெல்லி கிளப், சுற்றுப்பயணம் வந்த நியூசிலாந்து தேசிய அணியையே 9-3 என வீழ்த்தியது. ஒரு ஊர் அணி, ஒரு நாட்டை ஜெயித்த நாள் அது. இன்றும் அந்த ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

கொள்கையில் கறார்

பேச்சு மென்மை என்றாலும், கொள்கை என்று வந்துவிட்டால் ஆள் அசையமாட்டார். 1970 ஜனவரியில், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் அணி லானெல்லியில் ஆட வந்தது. கோச் என்ற கடமைக்காகத் தன் வீரர்களைத் தயார்படுத்தினார் கார்வின். ஆனால், எதிர்ப்பைக் காட்ட ஆட்டத்தைப் பார்க்க மறுத்து உள்ளேயே இருந்துவிட்டார். அதே ஆண்டு, வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி சார்பில் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார்.

1974-ல் வேல்ஸ் பயிற்சியாளர் பதவிக்கான பேச்சு வந்தபோதும் இதே கறார்தான். அணியைத் தேர்ந்தெடுத்தது யூனியனின் தேர்வுக்குழு. பொறுப்பு மட்டும் கோச் தலையில். அந்தக் குழுவுக்குக் கோச்சே தலைமை வகிக்க வேண்டும், உடன் இருப்பவர்களையும் அவரே தேர்வு செய்ய வேண்டும் என்று கேட்டார் கார்வின். யூனியன் அதற்குத் தயாராக இல்லை. அவர் விலகிக்கொண்டார். பதவி, 1971-ல் அவருக்குக் கீழே லயன்ஸ் கேப்டனாக இருந்த ஜான் டாஸுக்குப் போனது.

வீரர்களை நம்பி ஜெயித்த மனிதர், தன்னை நம்பும்படி தன் ஊர் நிர்வாகிகளிடம் கேட்டார். அது மட்டும் கிடைக்கவில்லை.

வெளியூரில் முடிந்த பயணம்

1977-ல் இத்தாலிக்குப் போய் ரோவிகோ கிளப்புக்குப் பயிற்சி கொடுத்தார். 1979-ல் அந்த அணி இத்தாலி சாம்பியன். இன்னொரு பக்கம் பத்திரிகைகளில் எழுதினார், ஒலிபரப்பில் பேசினார். சுற்றிலும் எப்போதும் கூட்டம் இருந்தாலும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடுமையான தோல் அழற்சி நோய் ஆண்டுக்கணக்கில் படுத்தியது. 1983 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஹோட்டல் அறையில் தனியாக இறந்துகிடந்தார். வயது 53.

இன்று சர்வதேச ரக்பி அணிகளில் யார் ஆட வேண்டும் என்பதைத் தலைமைப் பயிற்சியாளர்தான் முடிவு செய்கிறார். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கார்வின் ஜேம்ஸ் கேட்டதும் அவ்வளவுதான். கொஞ்சம் சீக்கிரமே கேட்டுவிட்டார்.