பதவி துறந்து பணி ஏற்ற அஸீஸ்

அறத்தைப் பழகிச் செயலாற்றும் வாழ்வே இன்பம் என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் முடிபு. அதை அல் பாராபி முதலிய இஸ்லாமிய அறிஞர்களும் போற்றி வளர்த்தனர். அத்தகைய வாழ்வுக்கு யாழ்ப்பாணம் தந்த சான்று ஏ.எம்.ஏ. அஸீஸ்.

1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், வைத்தீஸ்வரா வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். 1935 இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1942 இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராயிருந்தபோது, முஸ்லிம் மக்களின் கல்விப் பின்னடைவு அவர் உள்ளத்தை உறுத்தியது. வறிய மாணவர் உயர்கல்வி பெற 1945 இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கனவு கண்ட அரச உத்தியோகத்தை 1948 இல் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அப்பணியில் நிலைத்தார். 1973 இல் மறைந்தார்.

நன்மையைப் போலவே தீமையும் பழக்கத்தால் வேரூன்றும். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர் பிறந்த மண்ணும் வெறிச்சோடியது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வகுப்பறையில் கற்ற சூழலே அஸீஸை உருவாக்கியது. அச்சூழலை மீட்டெடுப்பது இரு சமூகத்தாரதும் கடனாகும்.