கிரே – அளவாகிப் போன மனிதர்



ஓம், வோல்ட், வாட் என்று லேபில் நாம் தினமும் சொல்வதெல்லாம் மனிதர்களின் பெயர்கள். நம்ம ஊர் உப்பளத்தில் பாத்தித் தண்ணீர் எத்தனை டிகிரி என்று பார்க்கிறார்களே, அந்த 'பாமே' டிகிரியும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர்தான். அந்த வரிசையில் இன்னொருவர் லூயிஸ் ஹெரால்ட் கிரே. புற்றுநோய்க்கு 'கரண்ட் வைக்கிறது' என்கிறோமே, அந்தக் கதிர் சிகிச்சைக்கு அளவு தந்தவர்.

1905 நவம்பர் 10-ல் லண்டனில் எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகையில் படித்துக் கேம்பிரிட்ஜ் சென்றார். ரூதர்போர்டு தலைமை வகித்த கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஆராய்ச்சி! அங்கே இடம் கிடைக்காதா என்று உலகமே ஏங்கிய காலம். அதை விட்டுவிட்டு 1933-ல் மவுண்ட் வெர்னான் ஆஸ்பத்திரிக்கு இயற்பியலாளராக வந்து சேர்ந்தார்.

அங்கே காத்திருந்த சிக்கல் பெரிசு. முன்பெல்லாம் தோல் எவ்வளவு சிவக்குது என்று பார்த்தே டோஸ் முடிவு செய்தார்கள். பிறகு காற்றில் கதிரை அளக்க வழி வந்தது. ஆனால் சதைக்குள்ளே? டோஸ் குறைந்தால் கட்டி திரும்ப வரும்; கூடினால் நல்ல சதை வெந்துபோகும். தெர்மாமீட்டரும் உதவாது. உயிரைப் பறிக்கிற அளவு கதிர் உடம்பு முழுக்கப் பட்டாலும், சூடு ஏறுவது ஒரு டிகிரியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான்!

பிராக் என்ற விஞ்ஞானி முன்பே தொட்டுவிட்ட யோசனை ஒன்றை கிரே வளர்த்தெடுத்தார். பொருளுக்குள் ஒரு சின்னக் காற்றறை வையுங்கள்; அதில் சேரும் மின்னூட்டத்தை அளந்தால், சுற்றியுள்ள பொருள் எவ்வளவு ஆற்றலை வாங்கியது என்று கணக்குப் போட்டுவிடலாம். 1936-ல் இதை வெளியிட்டார். பிராக்–கிரே தத்துவம் என்பது இதுதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. ஆக்சிஜன் குறைந்த செல்கள் கதிருக்குச் சுலபத்தில் மடிவதில்லை என்பதை 1953-ல் தன் குழுவினரோடு விளக்கினார். 1965 ஜூலை 9-ல் காலமானார். பத்து வருஷம் கழித்து, 1975-ல், ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது ஒரு 'கிரே' என்று உலகம் அவர் பெயரையே வைத்தது.

இன்றைக்கும் ஆஸ்பத்திரிகளில் தண்ணீர்த் தொட்டிக்குள் விரல் பருமன்கூட இல்லாத அயனி அறையை இறக்கித்தான் மெஷினைச் சரிபார்க்கிறார்கள். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே! அந்த அறையும் சரிதானா என்று மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தர அளவோடு ஒப்பிடுகிறார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 2 கிரே. அந்த இரண்டு உண்மையிலேயே இரண்டாக இருக்கணும்.

நண்பர்களே, ரீடிங் சரியா வரலேன்னா பக்கத்து பெஞ்ச் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறோம். நம் ஊரிலிருந்து ராத்திரி ரயிலேறி அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகிறவர்களை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நாளைக்கு மீட்டரைப் பிடிக்கப் போகிற கை நம்முடையது. அதன் மறுமுனையில் ஒரு மனுஷன் படுத்திருப்பான்.